பட்டை வைத்த செல்

பிப்ரவரி 10

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் அறையில் மின்சாரம் போவதில்லை.

ஏழு முறை போன் செய்தேன். ஏழாவது முறை உன் மனைவி எடுத்தாள். "அண்ணி, ஆபீஸ் விஷயம் எதையும் போன்ல பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. எழுத்துல அனுப்பச் சொன்னாரு" என்றாள். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாய். டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சரி, எழுத்தில் வேண்டுமென்றால் எழுத்திலேயே வாங்கிக்கொள்.

பேட்டரி கட்ட வரவழைத்த அறுநூற்றைம்பது செல் கொண்ட என் பெட்டி இம்மாதம் இரண்டாம் தேதி உன் துறைமுகத்தில் இறங்கியது. இன்றோடு எட்டு நாள். ஒவ்வொன்றும் மாத்திரைப் புட்டி அளவுள்ள உருளை. தனிச் செல்லுக்கு வரி ஐந்து விழுக்காடு. போன மாதமும் ஐந்து, இந்த மாதமும் ஐந்து. ஆனால் உன் சுங்க ஆட்கள் அதை 'முழு பேட்டரி' என்று எழுதி, புது வரி அறுபது விழுக்காட்டைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். காரணம், செல்லின் இரண்டு முனையிலும் ஒரு நிக்கல் பட்டை பற்றவைத்திருக்கிறதாம். சட்டையில் பொத்தான் தைத்திருந்தால் அதற்குள் ஆள் இருப்பதாக அர்த்தமா?

பட்டையோடு ஏன் வரவழைத்தாய் என்று கேட்பாய். பட்டை பற்றவைக்கும் என் இயந்திரத்தின் சர்க்யூட் பலகை நவம்பரில் எரிந்துபோனது. மாற்றுப் பலகையும் செல் வரும் அதே நாட்டிலிருந்துதான் வரவேண்டும். வரி ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் எல்லா வியாபாரிகளும் முந்திக்கொண்டு சரக்கு ஏற்றினார்கள். கப்பலில் இடமே இல்லை. ஒற்றைப் பலகையை யார் ஏற்றுவார்கள்? அதனால்தான் செல் செய்பவனிடமே பட்டையைப் பற்றவைத்து அனுப்பச் சொன்னேன். இங்கே பட்டையோடு பட்டையை சால்டர் வைத்து இணைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் பெட்டியும் அக்கரையில் பதினாறு நாள் கிடந்தது. புது வரி ஒன்றாம் தேதி அமலுக்கு வந்தது. பெட்டி இரண்டாம் தேதி வந்தது.

இது டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகவேண்டிய சரக்கு. அங்கே ஆறு நாற்காலி. பழைய ஈய பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போனால் இயந்திரம் நிற்கும். மனிதனின் ரத்தம் உடம்புக்கு வெளியே குழாயில் நிற்கும். நர்ஸ் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதை உள்ளே திருப்ப வேண்டும். ஆறு நாற்காலிக்கு நர்ஸ் மூன்று பேர். அதனால் போன வாரம் இரண்டு நாற்காலியை மூடிவிட்டார்கள். அந்த நாற்காலிக்காரர்களை நான்கு மணிநேரப் பயணத்தில் இருக்கும் வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள், வாரம் மூன்று முறை. அவர்களில் ஒருவர் தையல்காரர். பார்க்கும்போதெல்லாம் என்னிடம், "என்னம்மா, உங்க பேட்டரி முதல்ல வருமா, இல்ல எனக்கு மேலேருந்து அழைப்பு முதல்ல வருமா?" என்று கேட்கிறார்.

அறுபது விழுக்காடு கட்ட அந்த நிலையத்திடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பெட்டியை விடுவிக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 14

அம்மையீர்,

தங்கள் 10ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. இறக்குமதியாளர் என் உடன்பிறந்தவர் என்பதால் கோப்பை அடுத்த அலுவலரின் மேசைக்கு மாற்றிவிட்டேன். அவர் எடுத்துள்ள முடிவு விதிக்கு உட்பட்டதே. நடப்பிலுள்ள விளக்கக் குறிப்பின்படி, இணைப்புப் பட்டை பற்றவைக்கப்பட்ட செல், ஒற்றைச் செல்லாக இருப்பினும், பேட்டரி என்றே கொள்ளப்படும். இதனை ஏற்க இயலாவிடில் தாங்கள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

வகைப்பாட்டுப் பிரிவுத் தலைவர்

மேலே உள்ளது டைப் செய்தது, கோப்புக்கு. இது கையால் எழுதுகிறேன், உனக்கு. அந்த விளக்கக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கிறதா அக்கா? எட்டு வருடத்துக்கு முன் நீ அனுப்பிய மனுவிலிருந்து. உன் ஊரில் பேட்டரி விற்கும் அந்தப் பெட்டிக்காரன் வெளிநாட்டில் பட்டை வைத்த செல்லை இறக்கி, இங்கே திருகு மட்டும் முடுக்கி, பெட்டியில் அடைத்து, 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று விற்றான் அல்லவா? நீ அப்போது கொதித்தாய். "ஒத்தைச் செல்லா இருந்தாலும் பட்டை வச்சா அது பேட்டரிதான், அப்படியே எழுது" என்றாய். நீ சொல்லச் சொல்ல அலுவலக நடையில் எழுதிக்கொடுத்தவன் நான். நம் வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள். அப்போது இரண்டுக்கும் வரி ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது ஒன்றுக்கு ஐந்து, மற்றதற்கு அறுபது.

போன மாதம் புது வரிச் செய்தி வந்தபோது, "இப்பதான் கவர்மென்டுக்கு மூளை வந்திருக்கு" என்று சொன்னதும் நீதான்.


பிப்ரவரி 17

தம்பிக்கு,

அம்மையீர் என்றும் தாங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உனக்கு அம்மை போட்டபோது இருபத்தோரு நாள் பக்கத்தில் படுத்துக் கிடந்தவளுக்கு இப்படி ஒரு பட்டமா? அடுத்த முறை 'மாண்புமிகு' என்றும் சேர்த்துக்கொள். குறைவு வைக்காதே.

அந்த வாக்கியம் என்னுடையதுதான். நான் மறுக்கவில்லை. அது அன்றும் சரி, இன்றும் சரி. பட்டை பற்றவைப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. ஒரு புள்ளி ஆழமாகச் சுட்டால் செல்லில் ஓட்டை விழும். லேசாகச் சுட்டால் ஆறு மாதத்தில் பட்டை கழன்று தீப்பொறி பறக்கும். போன் டவர்களிலிருந்து கழித்துப் போட்ட பேட்டரிகளைப் பிரித்துப் பிரித்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கையேடு படித்து, இரண்டு விரல் நகம் போய்க் கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அந்த வேலையை வெளியே செய்துவிட்டு இங்கே செய்ததாகச் சொன்னவனைத்தான் நான் பிடித்துக்கொடுத்தேன்.

நான் அப்படிச் சொன்னேனா? என் இறக்குமதிப் பாரத்தில் 'பட்டை அங்கேயே வைத்தது' என்று எழுதியிருக்கிறேன். ஏமாற்றுகிறவனுக்கு எழுதிய விதியை ஏமாற்றாதவள் மேல் போடுகிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அங்கே பிரிவுத் தலைவர் என்று எதற்கு ஒரு நாற்காலி?

மேல்முறையீடு போட்டுவிட்டேன். எட்டுப் பக்கம். இந்த முறை நானே எழுதினேன்.

நேற்று நிலையத்துக்குப் போனேன். பிற்பகலில் மின்சாரம் போனது. நான்கு நாற்காலிதான் ஓடியது, அதற்கே பழைய பேட்டரி பத்து நிமிடம் தாங்கவில்லை. தலைமை நர்ஸ் ஒரு கையால் ஒரு இயந்திரத்தைச் சுற்றினாள், "நீங்க அதைப் பிடிங்கம்மா, நிறுத்தாதீங்க, ஒரே வேகமாச் சுத்துங்க" என்று இன்னொன்றை என் கையில் கொடுத்தாள். நான் சுற்றினேன். குழாயில் போய்க்கொண்டிருந்தது யாருடைய ரத்தம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும்.

கிளம்பும்போது தலைமை நர்ஸ் கேட்டாள்: "உங்க தம்பிதானே அங்க பெரிய ஆளு?" பெரிய ஆள்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

உன் எட்டுப் பக்கம் என் மேசை வழியாகத்தான் மேலே போனது. நன்றாகத்தான் இருக்கிறது. பயன் இல்லை. விசாரணைக்கு நான்கு மாதம் ஆகும். உனக்கு முன்னால் நூற்றுப்பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாரும் புது வரியில் மாட்டியவர்கள். சூரியத் தகடு வைத்திருப்பவன், குளிர்பதனக் கிடங்குக்காரன், மின்சார வண்டி விற்பவன். எல்லாருடைய பொருளுக்குள்ளும் அதே செல்தான்.

வேறு ஒரு வழி இருக்கிறது. இறக்குமதியாளர் மனு கொடுத்தால், துறைமுகக் கிடங்கிலேயே, எங்கள் காவலர் முன்னிலையில், பொருளின் நிலையை மாற்ற அனுமதி உண்டு. பட்டைகளை உரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் செல். ஐந்து விழுக்காடு. அன்றே வெளியே எடுத்துப் போகலாம். மனுவின் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நீ அனுமதி கேட்கவில்லை, நியாயம் கேட்டாய். கேட்காதவருக்கு வழி சொன்னால் அது சலுகை, கேட்டபின் சொன்னால் தகவல். உடன்பிறந்தவளுக்குச் சலுகை காட்டினான் என்று என் பிரிவில் ஒருவன் வாய் திறந்தால் போதும், இருபத்தாறு வருட வேலை போய்விடும். இன்றும் நீ கேட்காமல்தான் எழுதுகிறேன். மேலும் விதிப்படி எங்களுக்கு முப்பது வேலை நாள் அவகாசம் உண்டு. ஆகியிருப்பது பதினெட்டுதான். தாமதம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது முறைதான் நீ இப்படிப்பட்டவன் என்று புரிந்தது.

உனக்கு முதல் நாளே தெரியும். அங்கே நான்கு மணிநேரப் பயணத்தில் ஆட்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். நீ இங்கே சலுகைக்கும் தகவலுக்கும் எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்தாய். போன் செய்தவளை எழுதச் சொன்னாய். எழுதியவளுக்கு டைப் அடித்துப் பதில் போட்டாய். அந்தப் பதிலில் இந்த ஒரு வரியைச் சேர்க்க உனக்கு எத்தனை சொட்டு மை செலவாகியிருக்கும்?

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நல்ல வெல்டு அது. செல் செய்தவன் அனுப்பிய புகைப்படம் பார்த்தேன், ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவு. ஆயிரத்து முந்நூறு பட்டை. அத்தனையையும் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி இங்கே வைக்கவா? எந்த இயந்திரத்தில்? என் இயந்திரம் செத்துக் கிடக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். முழுதாக இருப்பதை உடைத்தால் வரி குறையுமாம். உடைப்பதற்குக் காவலர் வேறு நிற்பாராம். இப்படி ஒரு கேவலத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நியாயம்தான் கேட்டேன். நியாயம்தான் வேண்டும்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

இதை அலுவலகத்தில் எழுதவில்லை. வீட்டில், சமையலறை மேசையில் எழுதுகிறேன். உன் கடிதத்தை உன் தம்பி மனைவி படித்துவிட்டு, "உங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில பூட்டணும், சாவியை அந்த நோயாளிங்க கையில குடுக்கணும்" என்றாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

நீ என்னைச் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நான் கோழை என்றே வைத்துக்கொள். ஆனால் வழி இருப்பது உனக்குத் தெரிந்து இன்றோடு எட்டு நாள். படிவத்தைத் திருப்பி அனுப்பியவள் நீ. உன் பெட்டி கிடங்கில் நான்காவது வரிசையில், மேல் தட்டில் இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன்.

உனக்கு எப்போதும் ஜெயிக்க வேண்டும். அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது, சுவரில் ஒரு அடி உன் பக்கம் வரவேண்டும் என்று மூன்று வருடம் வழக்கு நடத்தினாய். ஜெயித்தாய். அந்த ஒரு அடியில் இன்று என்ன இருக்கிறது? உடைந்த வாளி. நான் விட்டுக்கொடுத்துவிட்டு இந்த ஊருக்கு வந்தேன். நீ என்னை ஓடிப்போனவன் என்றாய்.

நீ சரிதான் அக்கா. எல்லாவற்றிலும் நீதான் சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு ஒரு இயந்திரத்தையாவது பத்து நிமிடம் ஓட்ட முடியுமா?

படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

நீ இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

தையல்காரர் ஐந்தாம் தேதி இறந்துவிட்டார். அந்த வாரம் இரண்டு முறை அவர் போகவில்லை. முதல் முறை பேருந்து கிடைக்கவில்லை. இரண்டாவது முறை எழுந்திருக்க முடியவில்லை. காலும் முகமும் வீங்கிவிட்டிருந்தன. தலைமை நர்ஸ் ஆறாம் தேதி எனக்கு போன் செய்தாள். அவள் அழவில்லை. "அவரு இனிமே வரமாட்டாரும்மா. நாற்காலி திறந்தா, பட்டியல்ல அடுத்த ஆளைப் போட்டுக்கறோம். எப்பத் திறக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவள் பேசி முடித்த பிறகுதான் உன் கடிதத்தை உறையிலிருந்து எடுத்தேன். உன் கடிதத்தைப் படித்துத் திருந்தி வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. படிவத்துக்காகத்தான் பிரித்தேன்.

ஏழாம் தேதி காலை உன் கிடங்குக்கு வந்தேன். நீ மாடியில் ஜன்னலில் நின்றாய். இறங்கி வரவில்லை. வந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டேன். நான்கு நாள், குறடால் பட்டையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டிச் சுருட்டி எடுத்தேன். சுருட்டினால்தான் வரும். இழுத்தால் செல்லின் தோலோடு கிழியும். காவலுக்கு நின்றவர் முதல் நாள் விறைப்பாக நின்றார். இரண்டாம் நாள் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். மூன்றாம் நாள், "ஏம்மா, நல்லா ஒட்டியிருக்கறதை எதுக்குப் பிக்கறீங்க?" என்று கேட்டார். "நான் எழுதின விதிப்பா" என்றேன். "கிண்டல் பண்ணாதீங்கம்மா" என்று சிரித்தார். ஒன்பது செல்லில் ஓட்டை விழுந்தது. மிகுதிக்காக வாங்கியது பத்து. ஒன்று மிஞ்சியது.

பட்டையைத் திரும்ப வைக்க இந்த ஊரில் ஓடும் இயந்திரம் யாரிடம் இருக்கிறது தெரியுமா? பெட்டிக்காரனிடம். நம் வாக்கியத்தால் அவனுடைய பழைய பிழைப்பு நின்றதும், அவன் பன்னிரண்டு இயந்திரம் வாங்கி, ஆள் வைத்து, உண்மையிலேயே இங்கே பற்றவைக்க ஆரம்பித்துவிட்டான். நான் அங்கே போய் வாசலில் நின்றேன்.

"வாங்கக்கா. எட்டு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?" என்றான்.

"வழி தெரியும். வரத்தான் பிடிக்கல" என்றேன்.

"இப்ப மட்டும் பிடிச்சிருச்சா?"

"இப்பவும் பிடிக்கல. மிஷினைக் காட்டு."

காட்டினான். இரண்டு நாள் அவன் ஆட்கள் பற்றவைத்தார்கள். நான் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். நாற்பத்தொன்றைத் திருப்பிக் கொடுத்தேன். "எங்க ஆளுங்களை அழ வைக்காதீங்கக்கா, நாளைக்கு வேலைக்கு வரமாட்டானுங்க" என்றான். வேலை நன்றாகத்தான் செய்கிறார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் தேதி பேட்டரியை நிலையத்தில் பொருத்தினேன். நேற்று முற்பகலில் மின்சாரம் போனது. வராந்தா விளக்கு அணைந்தது. ஆறு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் தலை தூக்கவில்லை. தலைமை நர்ஸ் யாரையோ, "நேத்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாற்காலியில் எனக்குத் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து வெள்ளரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பது நிமிடம் தாங்கியது. தையல்காரருக்கு ஒன்பது நாள் பிந்தியது.

இனி நான் சொல்ல வந்தது. இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். என் பழைய வாக்கியத்தை நீக்கச் சொல்லவில்லை. அது சரியான வாக்கியம். அதன் கீழ் இன்னொன்று சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: பெட்டி நின்ற முதல் நாளே, அதை விடுவிக்க விதியில் என்ன வழி உண்டோ அதை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அதிகாரி எழுதித் தரவேண்டும். காரணம் என்று தையல்காரரின் பெயரையும் இறந்த தேதியையும் எழுதியிருக்கிறேன். தாமதம் யாரால் என்ற இடத்தில் இரண்டு வரி இருக்கிறது. பத்து நாள், இறக்குமதியாளரின் பிடிவாதத்தால் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்ற வரியில், பதினெட்டு நாள் என்று மட்டும் எழுதி, யாரால் என்பதைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நான் நிரப்பினால் புகார். நீ நிரப்பினால் என்னவென்று நீயே பெயர் வைத்துக்கொள்.

நிரப்பாவிட்டால் எனக்கு எழுதாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா,

மனு வந்தது. காலியாக இருந்த இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டு, மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். "அக்காவுக்காக வேலையைப் பணயம் வைக்கிறீங்களே, பைத்தியமா உங்களுக்கு?" என்றார். அக்காவுக்காக இல்லை சார் என்றேன். திங்கட்கிழமை என்னை விசாரிக்கிறார்கள்.

ஏழாம் தேதி நான் ஜன்னலில்தான் நின்றேன். நான்கு நாளும் நின்றேன். உன் மேல் உள்ள கோபமும் போகவில்லை. நீ முதலில் திருப்பி அனுப்பிய படிவம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

மனுவில் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். பதினெட்டு நாள் என்று எழுதியிருந்தாய். அது நான் எழுதிய வேலை நாள் கணக்கு. அதில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விட்டுப்போயிருந்தன. தையல்காரருடைய உடம்புக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினேன்.

தம்பி